மம்சாபுரத்து ஸ்ட்ரைக்கர்: ராமன் விஜயனின் ஆட்டமும் பயிற்சிப் பணியும்

தேசிய கால்பந்து லீக் 1996 டிசம்பரில் தொடங்கி, 2007இல் ஐ-லீக் அதன் இடத்தைப் பிடிக்கும்வரை 11 பருவங்கள் நடந்தது. பருவந்தோறும் அதிக கோல் அடித்தவர்களின் பட்டியலில் இந்தியர் இருவர் மட்டுமே. முதல் பருவத்தில் ஜே.சி.டி. அணியின் பைச்சுங் பூட்டியா, 14 கோல். அடுத்த 1997-98 பருவத்தில் எஃப்.சி. கொச்சின் அணியின் ராமன் விஜயன், 10 கோல். அதற்குப் பிறகு கானா, உஸ்பெகிஸ்தான், பிரேசில், நைஜீரிய நாட்டுக்காரர்களின் பெயர்கள்தாம். இந்தப் பட்டியலை முன்னால் வைத்துத்தான் விஜயனை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள மம்சாபுரம் அவருடைய ஊர். அங்கிருந்து வந்த ஒருவர் இந்தியாவின் முதல் வரிசை முன்கள வீரராக வேண்டுமென்றால், அன்று மாநிலத்தை விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும். சென்னையில் வங்கி, அரசுத் துறை அணிகள் இருந்தன. தேசிய லீக்கிலேயே இந்தியன் வங்கி ஆடியது. ஆனால் கோப்பையும் கூட்டமும் கொல்கத்தாவிலும் கோவாவிலும் இருந்தன. விஜயனும் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் சீருடை அணிந்தவர்.

அவருக்கு உச்சம் வாய்த்தது கொச்சியில். தொழில்முறைக் கழகமாக 1997இல் உருவான எஃப்.சி. கொச்சின், அதே ஆண்டு டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மோகன் பகானை 3-1 என்று வீழ்த்தியது. அந்த அணியின் தாக்குதல் வரிசையில் விஜயன் என்ற பெயரில் இருவர்! மற்றவர் திருச்சூரின் ஐ.எம். விஜயன், மூன்று முறை நாட்டின் சிறந்த வீரர் விருது பெற்றவர். அவருடைய புகழ் வெளிச்சத்தில் தமிழ்நாட்டு விஜயன் பலர் கண்ணுக்குப் படாமலே போனார். ஆனால் அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் இவர்தான். இது போதிய அளவு பேசப்படவில்லை என்பதே என் வருத்தம்.

வெளியே போய்ப் பெயர் வாங்குவது புதிய கதையன்று. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜும் முன்கள வீரர், தமிழர். 1973இல் எர்ணாகுளத்தில் கேரளம் முதல் முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவர். இறுதியாட்டத்தில் டி.கே.எஸ். மணி மூன்று கோல் அடிக்க, ரயில்வேஸ் 3-2 என்று தோற்றது. மணியைக் கேரளம் இன்றும் கொண்டாடுகிறது. சுந்தரராஜைத் தமிழகம் அந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கவில்லை.

விஜயனின் பயிற்சிப் பணி வேறு திசையில் சென்றது. சென்னையில் தம் பெயரிலேயே கால்பந்துப் பள்ளி ஒன்றை உருவாக்கினார். பெரிய கழகங்கள் கோல் அடிக்கும் வேலையை வெளிநாட்டவரிடம் ஒப்படைத்துவிட்ட காலம் அது. சென்னை சிட்டி 2018-19இல் ஐ-லீக்கை வென்றபோதும் 21 கோல் அடித்தவர் பெட்ரோ மான்சி. பெனால்டி பாக்ஸுக்குள் பந்து வருவதற்கு அரை நொடி முன்பே நகர்வது, தடுப்பாளரின் பார்வைக்குப் பின்னால் நிற்பது, ஒரே தொடுதலில் முடிப்பது: இவை பத்து, பன்னிரண்டு வயதிலிருந்து பழகினால்தான் படியும். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு, தேசிய லீக்கில் அதிக கோல் அடித்த ஒருவரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது எளிதில் கிடைக்கும் வாய்ப்பன்று.

அப்பள்ளியில் ஆடியவர், காரைக்குடி வட்டாரத்துக் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன். 2022 டூரண்ட் இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலை அடித்தார், பெங்களூரு எஃப்.சி. 2-1 என்று கோப்பையை எடுத்தது. 2022-23 ஐ.எஸ்.எல். பருவத்தின் வளரும் வீரர் விருதும் அவருக்கே. விஜயனின் கொச்சின் அணி டூரண்டை வென்று 25 ஆண்டுகள் கழித்து, அவரிடம் பயின்றவரின் அணியும் அதே கோப்பையை வென்றது. சிவசக்தியும் தமிழ்நாட்டுக் கழகத்துக்காக அதைச் செய்யவில்லை.