குற்றாலம் போகும் வழியில் ஒரு பழைய எல்லை

தாமிரபரணி என்ற பெயரில் இரண்டு ஆறுகள் உண்டு. ஒன்று நம்முடையது. இன்னொன்று குமரி மாவட்டத்தில் குழித்துறை வழியாக ஓடி அரபிக்கடலில் சேர்வது. அந்த இரண்டாவது தாமிரபரணிக் கரையில் 1954-ல் நடந்ததற்கும் இன்றைய தென்காசி, குமரி மாவட்டங்களின் வரைபடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நவம்பர் 1 வருவதால் அதை எழுதத் தோன்றியது.

நம் குடியிருப்பில் நாகர்கோவில், மார்த்தாண்டம், செங்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்களுடைய தாத்தா பாட்டிகள் பிறந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். 1911-ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனும் செங்கோட்டைக்காரர்தான். அதாவது அவர் மகாராஜாவின் குடிமகன், பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகன் அல்ல. தென்காசி ஒரு ஆட்சி, பக்கத்திலேயே இருக்கிற செங்கோட்டை வேறு ஆட்சி!

வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம் என்பது தென் திருவிதாங்கூர்த் தமிழர்களின் நெடுநாள் குறை. 1945-ல் நாகர்கோவிலில் தொடங்கிய இயக்கம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸாக வளர்ந்தது. அதற்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் நேசமணியைத்தான் மக்கள் மார்ஷல் நேசமணி என்றார்கள். 1948 தேர்தலிலேயே கட்சி 14 இடங்களைப் பிடித்தது. ஆனால் மறு ஆண்டே திருவிதாங்கூர் கொச்சியோடு இணைக்கப்பட்டது. தமிழர்கள் இன்னும் சிறுபான்மையானார்கள்.

1954 ஜூலையில் தேவிகுளம் பகுதியில் தடையை மீறியதற்காக நேசமணி கைதானார். தெற்கே கொதிப்பு ஏறியது. ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலங்கள் கிளம்பின. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் இறந்தார்கள்.

திருநெல்வேலிக்குத் துப்பாக்கிச் சூடு புதிதல்ல. 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி. கைதானதைக் கேட்டு இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், கடைகள் அடைக்கப்பட்டன, நகராட்சி அலுவலகம் எரிந்தது. அன்று போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஆனால் அது வெள்ளைக்காரன் ஆட்சி. மார்த்தாண்டத்தில் சுட்டதோ நாம் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆட்சி. அதுவும் பட்டம் தாணுப்பிள்ளை முதல்வராக இருந்த பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். அங்கிருந்தே, சுட்ட அமைச்சரவை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். தன் கட்சி ஆட்சியையே! முதல்வர் கேட்கவில்லை. கடைசியில் பதவியை விட்டவர் லோகியாதான். அவரது மற்ற அரசியல் எப்படியோ, இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. இதற்காகக் காமராஜரைக் குறை சொல்வோர் இன்றும் உண்டு. பெரியாறு அணைத் தகராறு வரும்போதெல்லாம் அந்தப் பேச்சு திரும்ப எழும். தெற்கிலும் தண்ணீர் விஷயம் முழுசாகத் தீரவில்லை. விளவங்கோட்டு வயல்களுக்கு வரவேண்டிய நெய்யாறு இடதுகரைக் கால்வாய் நீர் 2004-ல் நின்றுபோனது.

1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது, அதுவும் முழுதாக அல்ல. மேற்கே மலைப்பகுதியைக் கேரளத்தோடு விட்டுவிட்டார்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டை அந்தப் பக்கம் போனது.

அடுத்த முறை கொல்லம் ரயிலில் போனால் ஜன்னலோரம் உட்காருங்கள். செங்கோட்டைக்கு அடுத்த பகவதிபுரம் வரை பெயர்ப்பலகையில் நம் மாநிலம். குகையைத் தாண்டினால் ஆரியங்காவு, அது கேரளம். 1956-க்கு முன் இரண்டும் ஒரே தாலுகா.