ஆமை முட்டைக்கும் தாகம் எடுக்குமா?

பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் உள்ள படகுத்துறையில் 101ஆம் எண் பேருந்து ஏறினால், தெலுக் பஹாங் வரை போகலாம். அங்கிருந்து காட்டுப் பாதையிலோ படகிலோ போனால் பந்தாய் கெராச்சுட். பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை அது. மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையமும் அங்கே இருக்கிறது. முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான இடத்தில் மணலில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவது அதன் வேலை.

புதைத்துவிட்டால் போதுமா? போதாது. மணல் சரியான ஈரத்தில் இருக்க வேண்டும்.

ஈரம் எதற்கு?

கோழி முட்டையின் ஓடு கெட்டி. கடலாமை முட்டையின் ஓடோ தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். சுற்றியுள்ள மணலிலிருந்து அது நீரை உறிஞ்சும். மணல் காய்ந்துபோனால், முட்டைக்குள் இருக்கும் நீரும் குறையும்.

நீர் போதுமான அளவு இருந்தால், கரு மஞ்சள் கருவை நன்றாகப் பயன்படுத்தி வளரும். குஞ்சு பெரிதாகப் பிறக்கும். வறண்ட மணலில் குஞ்சு சிறுத்துவிடும்; மஞ்சள் கருவில் ஒரு பகுதி மிச்சமாக நிற்கும்.

சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிய விஷயமா? ஆமாம். பொரிந்ததுமே நண்டு, பறவை, மீன் எல்லாவற்றிடமிருந்தும் தப்பிக்க வேண்டும். பெரிய குஞ்சு பொதுவாக வேகமாக நீந்தும். சிறிய மீன்களால் அதை எளிதில் விழுங்கவும் முடியாது.

ஆணா, பெண்ணா?

அதை முடிவு செய்வது கூட்டின் வெப்பம். சுமார் 29 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண். மழையும் ஈரமும் மணலைக் குளிர்விப்பதால், ஆண் குஞ்சுகளுக்கு வாய்ப்பு கூடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வடபகுதியில் இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள் என 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படியே போனால், நாளை இணை சேர ஆண் ஆமை எங்கே?

அப்படியானால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கலாமா?

கூடாது. முட்டையும் மூச்சு விடுகிறது. மணல் துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிரம்பினால், ஆக்சிஜன் கிடைக்காமல் கரு இறந்துவிடும். கடல் அலை ஏறும் இடத்தில் உள்ள கூடுகளுக்கு இதுதான் ஆபத்து.

அதனால்தான் பொரிப்பகங்களை அலை எட்டாத மேட்டில் அமைக்கிறார்கள். வெயில் கடுமையானால் நிழல் வலை கட்டலாம், அளவாகத் தண்ணீர் தெளிக்கலாம். மணல் ஈரமாக இருக்க வேண்டும். சதசதவென்று ஆகிவிடக் கூடாது. முட்டைகள் மண்ணுக்குள் இருக்கும் ஏறக்குறைய இரண்டு மாதமும் இந்தக் கவனம் தேவை.