சதுரங்கத் தரப்புள்ளியின் வரலாறும் வரம்பும்

திருகோணமலை உட்துறைமுகத்தின் இறங்குதுறையிற் சிறிது நேரம் நிற்பவர் எளிய காட்சியொன்றைக் காண்பர். இத்துறையில் வற்றும் பெருக்கும் சிறிதளவினவே ஆயினும், பெருக்கு ஏற ஏறத் தூணருகே கட்டிய தோணியின் விளிம்பு தூணில் மேலே செல்லும். வற்று வரும்போது அது கீழே இறங்கும். தோணி வளர்ந்தது என்றோ தேய்ந்தது என்றோ எவரும் கூறார். நீர் ஏறிற்று, தோணியும் உடன் ஏறிற்று, அவ்வளவே. சதுரங்க உலகின் முதல்வர்க்கு வழங்கும் தரப்புள்ளிகள் கடந்த அரை நூற்றாண்டில் உயர்ந்து வந்த வரலாற்றை ஆராயப் புகுவோர் முதற்கண் எழுப்ப வேண்டிய வினாவும் இதுவேயாம். ஏறியது தோணியா, நீரா? இதற்கு விடை கண்ட பின்னரன்றோ இன்னும் எவ்வளவு ஏறும் என்று கேட்டல் பொருந்தும்.

தரப்புள்ளி என்பது யாது? அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியற் பேராசிரியராய் விளங்கியவர் அர்பாட் எலோ. 1903இல் அன்றைய ஹங்கேரியிற் பிறந்து இளமையிலேயே அமெரிக்கா சென்றவர். விஸ்கொன்சின் மாநிலச் சதுரங்க வாகையை எட்டு முறை சூடியவர். இவர் வகுத்த கணக்கு முறையை 1960இல் அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனமும் 1970இல் உலகச் சம்மேளனமும் ஏற்றுக்கொண்டன. அம்முறையின் உட்பொருள் சுருக்கமானது. இருவர்க்கிடையேயுள்ள புள்ளி வேறுபாடே அவர்கள் ஆட்டத்தின் எதிர்பார்ப்பைத் தீர்மானிக்கின்றது. 200 புள்ளி கூடியவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 ஆட்டங்களுக்குரிய பேற்றை அடைதல் வேண்டும். அதனினும் மிகுதியாக அடைந்தால் அவரது எண் ஏறும், குறைந்தால் இறங்கும். தனியொருவனின் ஆற்றலை இம்முறை அளப்பதேயில்லை. இருவர்க்கிடையேயுள்ள தூரத்தை மட்டுமே அது அளக்கின்றது. இதனை எலோவே நன்குணர்ந்திருந்தார். நீரில் எழுந்து தாழும் தக்கையொன்றின் நிலையை, காற்றில் ஆடும் கயிற்றிற் கட்டிய கோலால் அளப்பது போன்றதே தம் வேலை என்று அவர் ஒப்புமை கூறியதுண்டு. துறைமுக நகரத்தார்க்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது.

உயரம் தாண்டும் விளையாட்டோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்கு ஆசியப் போட்டிகளின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டினார். அந்த 2.03 மீற்றர் இன்றும் 2.03 மீற்றரே. உடன் தாண்டியோர் வல்லரோ மெலியரோ, கோலின் உயரம் மாறுவதில்லை. சதுரங்கத்தின் 2700 அத்தன்மையதன்று. எதிரே அமர்ந்திருப்போர் யாவர் என்பதைப் பொறுத்தே அது பொருள் பெறும்.

இனி வரலாற்றை நோக்குவோம். உலகச் சம்மேளனத்தின் முதல் அதிகாரபூர்வப் பட்டியல் 1971இல் வெளிவந்தது. அதன் முடியில் நின்றவர் அமெரிக்கரான பொபி பிஷர்; புள்ளி 2760. அடுத்து நின்ற உலக வாகையர் ஸ்பாஸ்கி 2690 புள்ளியே பெற்றிருந்தார். 2700ஐத் தாண்டியவர் அன்று உலகில் ஒருவரே. அவ்வாண்டில் பிஷர் தைமானோவையும் லார்சனையும் ஆறுக்குச் சுழியம் என அடுத்தடுத்து வீழ்த்தினார். அத்தரத்துப் போட்டியில் அத்தகைய வெற்றி அதற்கு முன்னர் நிகழ்ந்ததில்லை. 1972இல் அவர் எண் 2785 ஆயிற்று, ஸ்பாஸ்கியோ 2660. பின்னர் பிஷர் ஆடுகளம் விட்டு அகன்றார். அவர் விட்டுச் சென்ற எண்ணைத் தாண்டப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1990 தை மாதத்தில் கஸ்பரோவ் 2800ஐத் தொட்டார். 1999இல் 2851 வரை ஏறினார். அதனையும் நோர்வே நாட்டு மக்னஸ் கார்ல்சன் 2013இற் கடந்து, 2014 வைகாசியில் 2882இல் நின்றார். 2019 ஆவணியில் மீண்டும் அதே 2882. அதற்கு மேல் 2025 வரை எவரும் சென்றிலர்.

2785, 2851, 2882 என்று எண்களை மட்டும் வரிசைப்படுத்துவோர் ஏற்றம் தடையின்றி நிகழ்ந்ததாகக் கருதுவர். இடைவெளிகளை நோக்குவோர்க்கு வேறொரு வரலாறு தென்படும். பிஷர் தமக்கு அடுத்தவரைவிட 125 புள்ளி முன்னே நின்றார். கார்ல்சன் உச்சியில் நின்ற நாளில் அவர்க்கும் அடுத்தவரான ஆர்மீனியர் ஆரோனியனுக்கும் இடையேயுள்ள தூரம் எழுபதைத் தாண்டவில்லை. அளப்பது தூரத்தையே ஆதலால், தம் காலத்தாரினின்று மிக விலகி நின்றவர் பிஷரே என்று கூறுதல் தவறாகாது. எண் உயர்ந்ததெனினும் தலைமையின் தனிமை குறைந்தது. 2800ஐத் தொட்டோர் 2000ஆம் ஆண்டுக்கு முன் கஸ்பரோவ் ஒருவரே. இன்று பதினைந்து பேரளவில் உளர்.

நீர்மட்டம் ஏறுதற்கும் இறங்குதற்கும் காரணங்கள் உண்டு. சமவலிமையுடைய இரு முதிர்ந்த ஆட்டக்காரருள் ஒருவர் பெறும் புள்ளி மற்றவர் இழந்ததே; புதிதாக எதுவும் தோன்றாது. ஆயின் இளையோர்க்கும் புதியோர்க்கும் கணக்கு வேறு. உயர்தர ஆட்டக்காரரின் மாற்றம் 10 என்னும் பெருக்கெண்ணால் கணிக்கப்பட, புதிய இளையோரின் மாற்றம் 40ஆற் கணிக்கப்படுகின்றது. அதனால் அவர் பெறுவது எதிராளி இழப்பதிலும் மிகும். வாவியிற் புதுநீர் புகுந்தாற்போலாம். மறுபுறம், 1200இல் நுழைந்து 2000 வரை உயர்ந்த ஒருவர் ஓய்வு பெறுங்கால் இடையில் ஈட்டிய 800 புள்ளியையும் உடன் கொண்டு செல்கின்றார், அந்நீர் வெளியேறிற்று. ஆணையினாலும் நீர் ஏற்றப்படலாம். 1987இல் சூசன் போல்கார் ஒருவர் நீங்கலாக மகளிர் அனைவர்க்கும் 100 புள்ளி சேர்க்கப்பட்டது. ஆட்டத்தில் எவரும் ஒரு காலாளையேனும் நகர்த்தாமலே பட்டியல் மாறிற்று! அப்பெண்மணி அடைந்த மனத்தாங்கல் நியாயமானதே.

அங்ஙனமாயின் ஏற்றம் முழுவதும் வெறும் பெருக்கே என்று துணிதல் கூடுமோ? கூடாது. அமெரிக்கக் கணிதவியலாளரும் சர்வதேச மாஸ்டருமாகிய கென்னத் ரீகன், கய் ஹவொர்த் என்பாருடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பட்டியலைவிட்டு, ஆடப்பட்ட நகர்த்தல்களையே கணிப்பொறியின் தீர்ப்போடு ஒப்பிட்டு அவர்கள் ஆராய்ந்தனர். 1970களின் 2700 செய்த பிழைகளும் பின்னாளைய 2700 செய்யும் பிழைகளும் ஏறத்தாழ ஒத்தனவே என்பது அவர்கள் கண்ட முடிபு. அதாவது, தோணியே உண்மையில் ஏறியிருக்கின்றது. நூல்கள் பெருகின, கணிப்பொறி ஆசானாயிற்று, சிற்றூர்ச் சிறுவனும் முதல்வர் ஆட்டங்களை அன்றே காண்கின்றான். பலரும் ஒருங்கே கற்றமையால் உச்சி உயர்ந்தது. அதே காரணத்தால் உச்சியிலுள்ளோர் இடைவெளியும் சுருங்கியது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை; பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள சென்னை போதும். 1961இல் இந்தியாவின் முதற் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரன். அவர் முன்னின்று நடத்திய தால் சதுரங்கக் கழகம் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிற்று. அங்கு ஆடிப் பயின்ற சிறுவருள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். 1969இல் மயிலாடுதுறையிற் பிறந்து, தாயாரிடம் ஆட்டத்தின் முதலெழுத்தைக் கற்றவர். 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2006 சித்திரையில் 2803 பெற்று, 2800ஐக் கடந்த நால்வருள் ஒருவரானார். 2011இல், நாற்பத்தோராம் வயதில், அவர் எண் 2817. இது பிஷரின் உச்சத்தினும் 32 புள்ளி மிகுதி. ஆனந்த் பிஷரினும் பெரியவரோ எனின், பட்டியல் அதற்கு விடை கூறாது. பிஷரின் எதிராளிகள் வேறு. ஆனந்தின் எதிராளிகள் வேறு.

1986 முதல் இந்தியாவின் முதலிடத்தில் முப்பத்தேழாண்டு வீற்றிருந்த ஆனந்தை 2023 புரட்டாதிப் பட்டியலில் முந்தியவரும் ஒரு சென்னைச் சிறுவரே. பெயர் குகேஷ், வயது பதினேழு. அப்போது ஐம்பத்து மூன்று வயதினரான ஆனந்தின் எண் 2754; உலகில் ஒன்பதாம் இடம். 1971இல் அவ்வெண்ணைக் கொண்டிருந்தவர் பிஷர் ஒருவர்க்கே பின் நின்றிருப்பார். குகேஷ் 2024 மார்கழியில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டாம் வயதில் உலக வாகையர் ஆனார். அம்மாதத்துப் பட்டியலில் அவர் எண் 2783. கார்ல்சன் 2831இலும், தெலுங்கானாவின் அர்ஜுன் எரிகைசி 2801இலும் அவர்க்கு மேல் இருந்தனர். முடி ஒருவர் தலையில், எண்ணின் முதன்மை இன்னொருவர் கையில். இது குறையன்று, முடி ஒரு போட்டியின் தீர்ப்பு, எண் பல போட்டிகளின் சராசரி.

இனி, ஏற்றம் தொடருமோ என்னும் வினா. கார்ல்சன் 2900ஐத் தம் இலக்கென்று ஒரு காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். அது ஏன் கைகூடவில்லை என்பதைச் சிறு கணக்கே காட்டும். 2880 பெற்றவர் 2700 பெற்றவரோடு ஆடுகின்றார் எனக் கொள்க. வேறுபாடு 180, ஆகவே பத்து ஆட்டத்தில் 7.4 பேறு அவரிடம் எதிர்பார்க்கப்படும். வென்றால் அவர் பெறுவது 2.6 புள்ளி. சமநிலையில் முடித்தால் இழப்பது 2.4. தோற்றாலோ 7.4 போய்விடும். ஒரு நாள் முயன்று பெற்ற வெற்றியை மறுநாள் வரும் ஒரு சமநிலை பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றது. 2018 முதல் 2020 வரை 125 முறைசார் ஆட்டங்களில் கார்ல்சன் ஒருமுறையேனும் தோற்றிலர். அத்தகைய அரிய சாதனையின் நடுவிலும் அவர் எண் 2882ஐத் தாண்டவில்லை என்றால், தடையாய் நின்றது தோல்வியன்று, சமநிலையே என்பது வெளிப்படை. 2018இல் லண்டனில் அவரும் கருவானாவும் ஆடிய உலக வாகைப் போட்டியின் பன்னிரண்டு முறைசார் ஆட்டங்களும் சமநிலையிலேயே முடிந்தன.

இதில் ஆட்டத்தின் இயல்பும் அடங்கியுள்ளது. இருபாலும் பிழை நேராவிடின் சதுரங்கம் சமநிலையில் முடியும் என்பது வல்லுநர் பெரும்பாலோர் நம்பிக்கை. அஃது உண்மையாயின், எதிராளிகளின் பிழை அருக அருக, பிழையே செய்யாத ஒருவனும் வெல்லும் வாய்ப்பு அருகும். உச்சியிலிருப்பவனைத் தடுப்பது அவன் ஆற்றலின் எல்லையன்று, அடுத்துள்ளோரின் உயர்வே. ஆதலின் 2900ஐ ஒருவர் எய்துதல் இயலாததன்று; ஆயின் அதற்கு அவர் கார்ல்சனினும் வல்லவராய் இருத்தல் மட்டும் போதாது. 2800இற் பலர் நிலையாக நின்று அவர்க்குப் புள்ளி வழங்கும் வளமும் வேண்டும். அண்மைக் காலத்தில் அவ்வளம் பெருகவில்லை. 2020இல் கொள்ளை நோயாற் போட்டிகள் நின்றபோது வீட்டிலிருந்து பயின்ற இளையோர், மீண்டும் களம் புகுந்தபோது தம் எண்ணினும் வலியராய் இருந்தனர். முதியோரின் புள்ளியை வாரிக்கொண்டனர். வற்றுக்காலம் தொடங்கிற்று.

உச்சியைப் பற்றிய இவ்வாராய்ச்சி அடிநிலையில் உள்ளார்க்கே மிகவும் பயன்படும். பிறரோடு கலவாத குழுவின் எண் நம்பத்தக்கதன்று. அமெரிக்கச் சிறைச்சாலை ஒன்றில் உடனிருந்த கைதிகளோடு மட்டுமே ஆடிய கிளாட் பிளட்குட் 1996இல் அந்நாட்டுப் பட்டியலில் 2702 வரை உயர்ந்தார். அஃது எண் பொய்யாய்ப் பருத்தமைக்குச் சான்று. இதன் மறுதலையும் உண்டு. கடலாற் சூழ்ந்த ஒரு நாட்டில், ஒருவரோடொருவர் மட்டுமே ஆடும் சிறுவர் எல்லாரும் ஒருங்கே வளர்ந்தால், அவ்வளர்ச்சியை எண் காட்டாது. ஒருவர் பெறுவதை மற்றவர் இழப்பர். போர்க்காலத்திற் கிழக்கு மாகாணத்து மாணவர் கொழும்பு சென்று வருதலே அரிதாயிருந்தது. வெளிநாட்டாரோடு ஆடுதலைச் சொல்ல வேண்டியதில்லை. உப்புவெளியிலோ மூதூரிலோ 1500 பெற்ற மாணவனும் ஐரோப்பிய நகரொன்றில் 1500 பெற்ற மாணவனும் ஒரே பட்டியலில் ஒரே வரியில் நிற்பர். அவர்கள் நேர்நேர் அமரும் வரை யாவர் வலியர் என்பதை அப்பட்டியல் அறியாது.

இக்குறையை உலகச் சம்மேளனமும் ஓரளவு உணர்ந்தது. 2024 பங்குனி முதலாம் நாள், 2000க்குக் கீழ்ப்பட்டோர் அனைவர்க்கும், 2000இலிருந்து அவர்கள் நின்ற தூரத்தில் பத்தில் நான்கு பங்கு சேர்க்கப்பட்டது. பட்டியலின் அடித்தளமும் 1400 ஆக்கப்பட்டது. மாசி இறுதியில் 1500 புள்ளியோடு உறங்கச் சென்ற மாணவன் மறுநாட் காலை 1700 புள்ளியோடு எழுந்தான். அவனோடு வழக்கமாய் ஆடும் தோழனும் அவ்வாறே எழுந்தான். 1500ஐயும் 1200ஐயும் பிரித்த 300 புள்ளி இடைவெளி ஓரிரவில் 180 ஆகச் சுருங்கியதை மட்டும், அடுத்த போட்டியில் எதிரெதிரே அமர்ந்தபோது இளையவன் மகிழ்ச்சியோடும் மூத்தவன் சிறிது ஐயத்தோடும் கணக்கிட்டிருப்பர்.