ஒரு துளிக்கு நாற்பது துளி: விந்தைச் சேமித்த கதை

ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமன் என்ற கதையை எங்கட பொடியங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடக் காலத்திலேயே கேட்டுவிடுவாங்கள். அடக்கி வைத்தால் விந்து கெட்டியாகும், பிள்ளையும் நிச்சயம் எண்டு அதோட ஒரு வாலும் வரும். இந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்தது?

சித்த மருத்துவம் உடலில் ஏழு தாதுக்களைச் சொல்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம். சாப்பாடு படிப்படியாக மாறிக் கடைசியில் கிடைப்பதுதான் சுக்கிலம். கடைசியாக வருவது அரிது, அரிதானதைச் சேமிக்கவேணும். ஆயுர்வேதமும் கிட்டத்தட்ட இதையே சொல்லுது. ஆனால் இது கீழைத்தேய நம்பிக்கை மட்டும் இல்லை. சுவிற்சர்லாந்து வைத்தியர் திஸோ 1760இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலில், ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் இரத்தம் போவதைவிடக் கேடு என்று எழுதினார். அதே நாற்பது!

அதற்கு முன்னரே, 1677இல், டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லீவன்ஹூக் நுணுக்குக்காட்டியில் விந்தணுக்களைக் கண்டிருந்தார். இலண்டன் றோயல் சொசைட்டிக்கு எழுதின கடிதத்தில், இது தாம்பத்திய உறவில் கிடைத்தது, பாவம் செய்து எடுத்ததல்ல என்று அவர் விளக்கமும் சொல்லவேண்டியிருந்தது. விந்தணுவோடு சேர்த்து வெட்கமும் அண்டைக்கே பதிவாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில்தான் ஆட்கள் உண்மையாக எண்ணிப் பார்த்தார்கள். 1952இல் அமெரிக்காவில் மக்லியோட், கோல்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, உறவில்லாத நாட்கள் கூடக் கூட விந்தின் அளவும் அணுக்களின் எண்ணிக்கையும் கூடின. அப்ப பழைய ஆட்கள் சொன்னது சரிதானே? பாதிதான் சரி. விந்தணு உண்டியல் காசு இல்லை. ஒன்று உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுக்கும். ஆனால் உற்பத்தி ஒவ்வொரு நாளும் நடக்குது. வெளியேறாமல் தேங்குபவை கிழடு தட்டும், நீந்தும் வேகம் குறையும், மரபணுச் சேதமும் கூடும். 2005இல் இஸ்ரேலில் 9,489 மாதிரிகளை ஆராய்ந்தபோது, எண்ணிக்கை குறைந்த ஆண்களிடம் அணுக்களின் அசைவு ஒரு நாள் இடைவெளியிலேயே நன்றாக இருந்தது. அதாவது, சேமிக்கச் சொல்லி அதிகம் வற்புறுத்தப்படுகிற ஆளுக்குத்தான் சேமிப்பால் நட்டம் கூட.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விலகியிருக்கச் சொல்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அது முடிவுகளை ஒரே அளவுகோலில் ஒப்பிடுவதற்கு. பிள்ளைக்காக முயற்சிக்கிற சோடிக்கு வைத்தியர்கள் சொல்வது வேற: கருத்தரிக்கக்கூடிய நாட்களில் ஒரு நாள், இரண்டு நாள் இடைவெளியில் சேருங்கோ.

எங்கட நாட்டில் இந்தப் பயமே நோயாகியிருக்கு. விந்து போகுது எண்டு கலங்கி சிகிச்சைக்கு வந்த இலங்கை ஆண்களைப் பற்றி டி சில்வா, திஸாநாயக்க இருவரும் 1989இலேயே ஆய்வு வெளியிட்டார்கள். கெட்டுப்போன விந்தை விடக் கெட்டுப்போன நித்திரைதான் அதிகம் போல.

இதில் விலை கொடுப்பது ஆண்கள் மட்டும் இல்லை. பிள்ளையில்லாத சோடிகளில் ஏறக்குறைய அரைவாசிப்பேரில் ஆண் பக்கக் காரணமும் இருக்கும். ஆனால் 'மலடி' என்ற சொல் ஊரெல்லாம் புழங்குது, 'மலடன்' அகராதியில் தூங்குது. விந்தை வீரியமாகவும் கௌரவமாகவும் பார்க்கிறவரைக்கும் ஆண் பரிசோதனைக்குப் போகமாட்டான். பெண்தான் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் நடப்பாள். நாற்பது துளிக் கணக்கை மறப்போம். ஒரு சின்னப் போத்தலில் மாதிரி கொடுப்பதில் என்ன வெட்கம்?