ஆடு இல்லாத ஆட்டுக்கால் சூப்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே சோளக்காடு சந்தையில் ஒரு பக்கம் பலாவும் அன்னாசியும் மலைவாழையும் குவிந்திருக்கும். இன்னொரு பக்கம் சாக்கை விரித்து, செம்பழுப்பு ரோமம் மூடிய கிழங்குகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு வெட்டிப் போட்ட ஆட்டுக்கால் என்றே தோன்றும். முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன நாமக்கல் மாவட்டத்தின் உச்சியில், சைவக்காரர்கள் நின்று குடிக்கும் ஆட்டுக்கால் சூப்பு இதில்தான் ஆகிறது. பெயர் முடவாட்டுக்கால்.

சித்தர்கள் சொன்ன சூப்பு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று காட்டும் மலையில் அப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தால் தக்காளி மிதக்கிறது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் கப்பலேறி வருவதற்கு முன் இந்த நாட்டில் அதை யாரும் கண்டதில்லை. கிழங்கு பழசு, அதை மலை மக்கள் மூட்டுவலிக்குச் சாப்பிடுவதும் பழசு. சூப்பு மட்டும் நம் காலத்துப் பிள்ளை.

முதலில் கிழங்கைப் பார்ப்போம். உண்மையில் இது கிழங்கே இல்லை, ஒரு பெரணியின் தண்டு. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும். ஆனால் ஒட்டுண்ணி கிடையாது, மரத்தின் சாற்றை உறிஞ்சாது. இரண்டு விதமான இலை விடும். நீண்ட பச்சை இலை சமைப்பதற்கு, அதாவது செடிக்கு உணவு சமைப்பதற்கு. குட்டையான இன்னொரு இலை சீக்கிரமே காய்ந்து பழுப்பாகித் தண்டை அணைத்தபடி நிற்கும். மேலிருந்து விழும் சருகையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ள, சருகு மக்கி எருவாகிறது. தரையில் கால் வைக்காத செடி தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிறது. கோடையில் பச்சை இலை உதிர்ந்தாலும், தண்டில் சேர்த்த ஈரத்தை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு ஓக் மர இலையை வைத்துப் பெயரிட்டார்.

இந்தக் கிழங்கைக் கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் மிளகு சீரகத்தோடு தட்டிப் போட்டு ரசம்போலக் கொதிக்கவைத்துக் குடிப்பதுண்டு. மிளகு அவர்கள் தோட்டத்திலேயே மரமேறிக் கிடக்கிறது. அந்த ரசம் எப்படிச் சூப்பானது? என் கணக்கு இது. அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் ஆகாய கங்கை அருவிக்கும் போகாமல் திரும்புவதில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது ஒவ்வொரு முழங்காலும் தனித்தனியாகப் பேசும். படி முடிகிற இடத்தில் மூட்டுவலிக்கு நல்லது என்று எழுதிய பலகையும் ஆவி பறக்கும் டம்ளரும் இருந்தால் யார்தான் வாங்க மாட்டார்கள்? சமவெளிக்காரர்களின் நாக்கு ஆட்டுக்கால் சூப்புக்குப் பழகியது. சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, மஞ்சள், தக்காளி என்று அந்த மசாலாவே இதற்குள் வந்து சேர்ந்தது. ரசம் கெட்டியானது, பெயரும் மாறியது.

செய்முறையில் பெரிய வேலை ரோமத்தை எடுப்பதுதான். கத்தியால் தோலோடு சீவவேண்டும், கரடுமுரடான இடுக்குகளில் தங்கியிருப்பதைத் திரும்பவும் சுரண்டவேண்டும். உள்ளே இளம்பச்சை சாயலில் சதை தெரியும்வரை விடக்கூடாது. அவசரப்பட்டால் தொண்டையில் அரிக்கும். பிறகு பொடியாக நறுக்கி, மிளகு சீரகத்தோடு இடித்து, நிறையத் தண்ணீரில் சாறு இறங்கும்வரை கொதிக்கவைத்து வடிகட்டுகிறார்கள்.

இதே ரோமத்தோடு சீனர்களும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அங்கே இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றின் தண்டு, கு சுய் பு என்ற பெயரில் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. எலும்பு முறிவுக்கு உதவுவதைக் கண்டு தாங் வம்சத்துப் பேரரசர் ஷுவான்சோங்கே அந்தப் பெயரை வைத்ததாக, சென் சாங்சி 739இல் எழுதிய மருந்து நூல் சொல்கிறது. அவர்கள் கத்தியோடு நிற்கவில்லை. இரும்புச் சட்டியில் மணலைச் சூடேற்றி, அதில் காய்ந்த தண்டைப் போட்டு உப்பும்வரை வறுக்கிறார்கள். ஆறியதும் தட்டினால் ரோமம் உதிர்ந்துவிடும். அளவும் எழுதி வைத்திருக்கிறார்கள்: சீன அரசின் மருந்து நூல்படி ஒரு நாளைக்கு 3 முதல் 9 கிராம். பெரும்பாலும் தனியாகக் கொடுப்பதில்லை. வேறு மூலிகைகளோடு சேர்த்து இரண்டு முறை கொதிக்கவைத்து, இரண்டு வடிநீரையும் கலந்து இரு வேளையாகப் பிரித்துத் தருவார்கள்.

நம் சித்த மருத்துவத்தில் அளவு இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. குன்றிமணி, வராகன், கழஞ்சு, பலம் என்று எடைக்கும், ஆழாக்கு, உழக்கு என்று நீருக்கும் கணக்கு உண்டு. குடிநீர் என்றால் நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ சுண்டவேண்டும் என்ற விதி உண்டு. எத்தனை நாள், என்ன பத்தியம் என்பதும் மருந்தோடு சேர்ந்தே வரும். ரசம் சூப்பானபோது அந்தக் கணக்குகள் எதுவும் கூடவே வரவில்லை. ஒரு குண்டானுக்கு எவ்வளவு கிழங்கு என்பதை அன்றைய கூட்டம் தீர்மானிக்கிறது. ஆகவே இது ருசியான உணவு, அவ்வளவுதான். கிழங்கின் சத்துச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து வலியும் வீக்கமும் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. அங்கே உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து கொடுத்தார்கள். ஒரு டம்ளர் சூப்பில் அந்த அளவு இருக்கிறதா என்று யார் சொல்வது? சிலர் 4448 நோய்க்கும் இதுவே மருந்து என்கிறார்கள். சித்த மருத்துவம் சொல்லும் நோய்களின் மொத்தத் தொகையே 4448தான்.

மூட்டுவலி மாதக்கணக்கில் இருப்பவர்கள், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் சித்த மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள் குளிருக்கு இதமாக ஒரு டம்ளர் குடிக்கலாம்.

இன்னொன்று. இப்போது சமவெளி நகரங்களின் தெருவோரத்திலும் ஆன்லைனிலும் கிழங்கு விற்கிறது. பாறையிலிருந்து தண்டைப் பெயர்த்தால் செடியே போய்விடும். திரும்பப் படர ஆண்டுகள் பிடிக்கும். கிழங்கு வாங்கினால் எல்லாவற்றையும் சூப்பில் போட்டுவிடாதீர்கள். ரோமம் அடர்ந்த நுனி வாடாமல் இருந்தால், நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, தேங்காய் நாரில் பொதிந்து, வீட்டு மாமரத்துக் கவட்டையில் கட்டி வையுங்கள். நாரில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் துளிர்க்கும்.