76 முறை விழுந்த பையனும் 38க்கு 4 விக்கெட்டும்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், இடித்துத் தள்ளுவார்கள். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. அணியின் மூளை அவர்தான். பந்தை யாரிடம் எறிவது என்று அவர் பார்த்து முடிவு செய்ய இரண்டு மூன்று விநாடி வேண்டும். அதற்குள் எதிரணித் தடியர்கள் பாய்ந்து அவரைச் சாய்க்கப் பார்ப்பார்கள். அதைத் தடுக்க முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவருக்குப் பெயர்தான் அஃபென்சிவ் லைன்.

2002ல் ஹியூஸ்டன் டெக்சன்ஸ் என்ற புத்தம் புதிய அணி, டேவிட் கார் என்ற இளைஞரைத் தன் முதல் தேர்வாக எடுத்தது. பையனிடம் நல்ல கை இருந்தது, முன்னால் சுவர்தான் இல்லை. அந்த ஒரே சீசனில் அவரை 76 முறை தரையில் சாய்த்தார்கள். ஒரு சீசனில் ஒரு குவார்ட்டர்பேக் வாங்கிய அடியில் அதுதான் இன்றும் சாதனை. 2005லும் 68 முறை விழுந்தார். 2007ல் அணி அவரை விடுவித்தது. அதன் பிறகு அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகத்தான் இருந்தார்.

இந்தக் கதை இங்கே எதற்கு என்று கேட்கிறீர்களா? நம் ஊரிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆட்டம் கிரிக்கெட், பையனின் பெயர் சச்சின் டெண்டுல்கர். நம் கதையில் பையன் தப்பித்துவிட்டான். அவன் தப்பித்ததாலேயே, சுவர் இல்லை என்பது பல வருஷம் யாருக்கும் உறைக்கவில்லை. நான் சொல்ல வருவது அதைத்தான்.

முதலில் சுவர் எது என்று பார்த்துவிடுவோம். எங்கள் சித்தேரி மலையில் டென்னிஸ் பந்தில் ஆடும்போது முதலில் பேட்டிங் இறங்கத்தான் சண்டையே நடக்கும். அந்தப் பந்து பெரிதாக ஸ்விங் ஆகாது, ஓபனிங் என்பது ஓசியில் கிடைக்கும் விருந்து. டெஸ்ட் கிரிக்கெட்டில் இது அப்படியே தலைகீழ். புதுத் தோல் பந்தின் தையல் புடைப்பாக இருக்கும், மேலே பளபளப்பு இருக்கும். காற்றில் வளையும், தரையில் பட்டு விலகும், நெஞ்சுக்கு எழும்பும். இருபது முப்பது ஓவர் போனால்தான் சாது ஆகும். ஆகவே ஓபனரின் முதல் வேலை ரன் எடுப்பதில்லை, பந்தைப் பழசாக்குவது. பின்னால் வரும் நல்ல பேட்ஸ்மேனுக்கு வேகப்பந்து வீச்சாளர்கள் களைத்த பிறகு இடம் விட்டுக்கொடுப்பது.

இந்தியாவில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்த ஜோடி கவாஸ்கரும் சேத்தன் சௌஹானும். இருவரும் சேர்ந்து 59 இன்னிங்ஸில் 3,010 ரன் எடுத்தார்கள். கவாஸ்கர் தனியாக 34 சதம். சௌஹான் 40 டெஸ்ட் ஆடி 2,084 ரன் எடுத்தார், ஆனால் சதம் ஒன்றுகூட இல்லை, அதிகபட்சம் 97. சதம் அடிக்காதவர் என்றுதான் இன்றும் அவரைச் சொல்கிறோம். எத்தனை மணி நேரம் நின்றார் என்று யாரும் கேட்பதில்லை. கவாஸ்கர் 1987ல் ஓய்வு பெற்றார். ஓட்டை அங்கேதான் ஆரம்பம்.

1989 நவம்பர், கராச்சி. 16 வயதில் சச்சின் முதல் டெஸ்ட் ஆட வருகிறார். கேப்டன் நம் சென்னை ஸ்ரீகாந்த். ஆறாவது ஆளாக சச்சின் உள்ளே நுழையும்போது ஸ்கோர் 41க்கு 4. எதிரே வாசிம் அக்ரம், அதே டெஸ்டில் அறிமுகமான வக்கார் யூனிஸ். 15 ரன்னில் வக்கார் பந்தில் போல்டு. அதே தொடரின் கடைசி டெஸ்ட் சியால்கோட்டில். இரண்டாவது இன்னிங்ஸில் அவர் வரும்போது 38க்கு 4! வக்கார் வீசிய பந்து மூக்கில் பட்டு ரத்தம் கொட்டுகிறது. பையன் வெளியே போக மறுத்து 57 ரன் எடுத்தான். மறுமுனையில் சித்து 97. இருவரும் சேர்த்த 101 ரன்தான் டெஸ்டைக் காப்பாற்றியது. தொடர் டிராவில் முடிந்தது.

மூக்கில் ரத்தத்தோடு ஆடிய கதையை எல்லாரும் சொல்வோம், கேட்டால் இன்றும் புல்லரிக்கும். ஆனால் 16 வயதுப் பையன் ஏன் 38க்கு 4 என்ற நிலையில் புதுப்பந்துக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தது என்ற கேள்வி அந்தக் கதையில் வருவதே இல்லை.

அடுத்தடுத்த வருஷங்களைப் பாருங்கள். 1990 ஆகஸ்ட், மான்செஸ்டர். கடைசி நாளில் இந்தியா 183க்கு 6. 17 வயது சச்சின் 119 நாட் அவுட், மனோஜ் பிரபாகரோடு நின்று தோல்வியைத் தவிர்த்தார். 1992 பெர்த். இந்தியா 159க்கு 8. சச்சின் 114, துணைக்கு நின்றது விக்கெட் கீப்பர் கிரண் மோரே. 1996 எட்ஜ்பாஸ்டன். இரண்டாவது இன்னிங்ஸில் அணியின் மொத்தம் 219, அதில் சச்சின் 122. அடுத்த அதிகபட்சம் 18.

இடையில் சுவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சாம்பிள் இருக்கிறது. 1992 ஜனவரி, சிட்னி. ஓபனர் ரவி சாஸ்திரி 206 எடுத்து நின்றார். ஆறாவதாக வந்த சச்சின் 148 நாட் அவுட். ஆனால் முழங்கால் தகராறில் சாஸ்திரியின் டெஸ்ட் வாழ்க்கை அதே வருஷம் டிசம்பரோடு முடிந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் 'கைமாற்று ஓபனர்கள்' காலம் என்று சொல்வேன். பந்துவீச்சையும் தொடங்கி பேட்டிங்கையும் தொடங்கினார் பிரபாகர். விக்கெட் கீப்பர் மோங்கியாவை இறக்கிப் பார்த்தார்கள் (1996 டெல்லியில் 152 அடித்தார், நியாயமாகச் சொல்ல வேண்டும்). நடுவரிசை ஆட்டக்காரர் லக்ஷ்மணைத் தள்ளினார்கள். பிறகு இன்னொரு கீப்பர் தீப் தாஸ்குப்தா. ஓபனிங் என்பது தனித் தொழில் என்ற எண்ணமே இல்லை. நடுவில் இடம் இல்லையா, போய் மேலே ஆடு, அவ்வளவுதான்.

இதன் முழு விலையும் தெரிந்தது நம் சேப்பாக்கத்தில். 1999 ஜனவரி, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். ஜெயிக்க 271 வேண்டும். சென்னைப் பையன் சடகோபன் ரமேஷுக்கு அதுதான் முதல் டெஸ்ட், கூட இறங்கியவர் லக்ஷ்மண். முதல் இன்னிங்ஸில் இருவரும் சேர்ந்து 67 ரன் போட்டு நல்லபடியாகத்தான் ஆடினார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் ரமேஷ் 5, லக்ஷ்மண் 0, இரண்டு விக்கெட்டும் வக்காருக்கு. 6க்கு 2 என்ற நிலையில் சச்சின் வந்தார். கொஞ்ச நேரத்தில் 82க்கு 5. மோங்கியா 52 எடுத்துத் துணை நிற்க, முதுகு வலியோடு சச்சின் 136 வரை கொண்டுவந்தார். 254ல் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து அவுட். இன்னும் 17 ரன்தான் பாக்கி. மிச்ச மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் போனது. 12 ரன்னில் தோல்வி. சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியதைப் பெருமையாகச் சொல்வோம்.

அந்தத் தோல்விக்குக் காரணம் கேட்டால் பலரும் சொல்வது: "சச்சின் முடித்துக் கொடுக்கவில்லை." கணக்குப் போட்டுப் பாருங்கள். 258ல் 136 எடுத்தவர்மேல் பழி. 6க்கு 2 ஆனது யார் நினைவிலும் இல்லை. பழியை ஓபனர்கள்மேல் மாற்றிவிடவும் நான் இதைச் சொல்லவில்லை. அடுத்த டெல்லி டெஸ்டிலேயே ரமேஷ் 60, 96 அடித்தார். 19 டெஸ்டில் சராசரி 37.97. அப்படிப்பட்டவர் 2001க்குப் பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை.

நான் படிப்பது காமர்ஸ், அதனால் புத்தி அங்கேதான் போகும் :-) ஒரு கம்பெனிக்குப் பத்து கிளை. ஒரு கிளை மட்டும் கொழுத்த லாபம், மற்றதில் நஷ்டம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே கணக்காகக் காட்டினால் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. லாபக் கிளை ஒரு வருஷம் சறுக்கினால் மேனேஜர்மேல் பாய்வார்கள். இந்திய அணி 1990களில் இப்படித்தான் கணக்கு எழுதியது. சச்சின் அடித்த ரன் மேல்வரிசையின் ஓட்டையை மூடி மறைத்தது. டேவிட் காருக்கு 76 என்ற எண்ணாவது பதிவாகியிருக்கிறது. சச்சின் எத்தனை முறை சுவர் இல்லாமல் நின்றார் என்று நம் ஸ்கோர் கார்டில் தனிப் பத்தி கிடையாது.

மாற்றம் வந்தது எப்படி? லக்ஷ்மண் 2000 ஜனவரியில் சிட்னியில் ஓபனராகவே 167 அடித்தார். அப்படியும், இனி ஓபனிங் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தன் இடத்துக்குத் திரும்பி 2001 கொல்கத்தாவில் 281 அடித்தது எல்லாருக்கும் தெரியும். 2002 ஜூலையில் லார்ட்ஸில் சேவாக்கை ஓபனராக இறக்கினார்கள். அவரும் நடுவரிசைக்காரர்தான். ஆனால் மேலே சரிவராவிட்டால் நடுவில் வாய்ப்பு தருவேன் என்று கங்கூலி வாக்குக் கொடுத்ததாக சேவாக்கே சொல்லியிருக்கிறார். அந்த வாக்குறுதிதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். முதல் இன்னிங்ஸில் 84, அடுத்த டெஸ்டில் 106.

அதே தொடரில் ஆகஸ்ட் மாதம் லீட்ஸ். மேகமூட்டம், பந்து திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதிலும் கங்கூலி டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தார். சேவாக் 8ல் அவுட். சஞ்சய் பாங்கர் என்ற ஆல்ரவுண்டர் திராவிடோடு சேர்ந்து 170 ரன் போட்டார். பாங்கரின் பங்கு 236 பந்தில் 68 ரன். பார்க்கத் தூக்கம் வரும் ஆட்டம்தான். ஆனால் சச்சின் உள்ளே வரும்போது ஸ்கோர் 185க்கு 2, பந்து பழசு. திராவிட் 148, சச்சின் 193, கங்கூலி 128. இந்தியா 628க்கு 8. இன்னிங்ஸ் வெற்றி.

2004 ஜனவரி சிட்னியிலும் இதே கதை. சேவாக்கும் ஆகாஷ் சோப்ராவும் முதல் விக்கெட்டுக்கு 123. சச்சின் 128க்கு 2ல் வந்து 241 நாட் அவுட்.

பாங்கர் என்ன ஆனார்? அதே 2002 டிசம்பரில், நியூசிலாந்தில், கடைசி டெஸ்ட். மொத்தம் 12. சோப்ரா? மொத்தம் 10 டெஸ்ட், அதிகபட்சம் 60. ஓபனர் இவ்வளவுதானா ரன் எடுப்பது என்று கேட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். சௌஹானை அளந்த அதே அளவுகோல்.

சச்சின் மாதிரி ஒருவர் இருந்ததால் நாம் 13 வருஷம் சமாளித்தோம். எல்லாப் பையன்களும் சச்சின் இல்லை, பலர் டேவிட் கார். 41க்கு 4ல் உள்ளே அனுப்பப்பட்டு, இரண்டு மூன்று முறை சொற்ப ரன்னில் அவுட் ஆகி, "டெம்பரமென்ட் இல்லை" என்று முத்திரை குத்தி அனுப்பப்படுபவர்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியப் போவதில்லை.

அடுத்த முறை ஸ்கோர் கார்டு பார்க்கும்போது சதம் அடித்தவருக்கு மேலே இருக்கும் இரண்டு பெயரையும் பாருங்கள். ரன்னை விடுங்கள், எத்தனை பந்து நின்றார்கள் என்று பாருங்கள்.