ஏட்டுக்கு இட்ட சிறை



எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். மண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் இட்டுச் சுட்டெடுக்கும் வேலையை இவ்வூர்ச் சிறுவனும் அறிவான். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட இத்தலத்தைப் பாடிய திருநாவுக்கரசர் வரலாற்றிலும் ஒரு சூளை வருகிறது. சமண சமயத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று விளங்கியவர் அவர். அவர் சைவத்திற்குத் திரும்பியவுடன், நேற்றுவரை அவரை ஆசானாகப் போற்றியவர்களே பல்லவ மன்னனிடம் முறையிட்டனர் என்றும், மன்னன் ஆணையால் அவர் சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டார் என்றும் பெரியபுராணம் கூறும். திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் எங்களுக்கு அண்மையில் உள்ள ஊர்களே. ஆதலின் இப்பகுதிப் பிள்ளைகளுக்கு இக்கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. இன்று நான் கூறவிருப்பது வேறொருவர் கதை. ஆயினும் இதனை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டல் நன்று.

நான் தலைமை ஆசிரியனாக இருந்தபோது ஒருமுறை மாணவர்களைத் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். கடலோரத்தில் டேனிஷ்காரர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. அதன் முற்றத்தில் நின்று, "தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு இக்கோட்டையில்தான் சிறை வைக்கப்பட்டிருந்தார்" என்று கூறினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, அவரைச் சிறையில் போட்டவர்கள் நம் ஆட்கள்தாமே?" என்றான். "இல்லையப்பா, அவரை அனுப்பி வைத்த நாட்டார்தாம்" என்றேன். அவன் நம்பவில்லை. "கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரே சிறை வைப்பார்களா, ஐயா?" என்று மறுபடியும் கேட்டான். பேருந்துக்காரர் அவசரப்படுத்தினார், முழு விடை சொல்ல அன்று நேரமில்லை. அவ்விடையைச் சொல்லவேண்டுமானால் முதலில் உரோமைப் பேரரசு வரை சென்று வரவேண்டும்.

கிறிஸ்தவ சமயம் தோன்றிய முதல் மூன்று நூற்றாண்டுகளில் உரோமை அரசு அதனை ஐயத்தோடு நோக்கியது. துன்பம் எப்போதும் ஒரே அளவாக இருந்தது என்று எண்ணுதல் பிழை. சில காலம் கொடுமை, நெடுங்காலம் அமைதி, மீண்டும் கொடுமை என மாறி மாறி வந்தது. தத்துவ ஞானியர்க்குரிய போர்வையைக் கழற்றாமலே கிறிஸ்தவ சமயத்தை விளக்கி எழுதிய யுஸ்தின் என்பார் 165ஆம் ஆண்டையொட்டி உரோமை நகரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஆனால் என் கருத்தில் அக்காலச் சிந்தனையாளருள் முதல்வர் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் பிறந்த ஓரிகன் என்பவரே.

ஓரிகனின் தந்தை லியோனிடஸ் 202ஆம் ஆண்டளவில் சமயத்திற்காகக் கொல்லப்பட்டார். அப்போது மகனுக்குப் பதினேழு வயதுகூட நிரம்பவில்லை. தானும் சென்று தந்தையோடு மடிவேன் என்று துடித்த அவனைத் தாய் எவ்வளவோ மன்றாடியும் தடுக்க முடியவில்லை. முடிவில் அவள் மகனுடைய ஆடைகளையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டாள்! ஆடையின்றி வெளியே செல்ல நாணிப் பிள்ளை வீட்டிலேயே இருந்தான். வரலாற்றில் எத்தனையோ பெரும் போர்களைப் படித்திருக்கிறேன். அவற்றைவிட இத்தாயின் சூழ்ச்சியே என் நெஞ்சில் நிற்கிறது. அதன் பின்னர் ஓரிகன் இலக்கண ஆசிரியராக அமர்ந்து, தாயையும் ஆறு தம்பியரையும் காப்பாற்றினார். அன்பர் ஒருவர் சுருக்கெழுத்தாளர் எழுவரை அமர்த்தித் தர, அவர்கள் முறை மாறி மாறி எழுத, இவர் சொல்லிக்கொண்டே போனார் என்பர். வேதநூலின் எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே வைத்து ஒப்புநோக்கிய பெருநூல் அவர் உழைப்பே. பாடபேத ஆராய்ச்சி என்று நாம் இன்று கூறும் துறைக்கு அவரை ஒரு முன்னோடி என்றே சொல்லலாம்.

250இல் டீசியஸ் என்னும் பேரரசன், குடிமக்கள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகளிடம் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். அத்தகைய சீட்டுகள் சில எகிப்து நாட்டு மணலிலிருந்து இன்று வெளிப்பட்டுள்ளன. ரேஷன் கடையில் கையொப்பம் வாங்குவது போன்ற எளிய செயலாகவே அது பலருக்குத் தோன்றியிருக்கும். முதியவரான ஓரிகன் மறுத்தார். கழுத்தில் இரும்பு வளையம் பூட்டினர். கால்களைத் தொழுமரத்தில் மாட்டி நாட்கணக்கில் இழுத்து வைத்தனர். உயிர் போகவில்லை, உடல் நைந்தது. பேரரசன் மடிந்தபின் விடுதலை பெற்ற அவர், சில ஆண்டுகளில் தீர் நகரில் இறந்தார்.

இதுவரை என் மாணவன் எதிர்பார்த்தபடியேதான் கதை செல்கிறது. ஆனால் மற்றொரு பக்கம் இருக்கிறது. பேரரசன் கை வைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஓரிகனை அவருடைய சொந்த ஊர் ஆயராகிய டெமெட்ரியஸ் அலெக்சாந்திரியாவிலிருந்து விலக்கிவிட்டார். பாலத்தீன நாட்டு ஆயர்கள் தம்மைக் கேளாமல் ஓரிகனுக்குக் குருப்பட்டம் அளித்தனர் என்பது அவர் குறை. ஓரிகன் செசரியாவுக்குச் சென்று அங்கே பள்ளி நடத்தினார். அவர் இறந்து முந்நூறு ஆண்டுகள் சென்றபின், 543இல் கிறிஸ்தவப் பேரரசனான யுஸ்தினியன் அவர் கொள்கைகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தான். 553இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கத்தின் கண்டனப் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றது. கண்டிக்கப்பட்டவரின் ஏட்டைப் படியெடுக்க எவர் துணிவார்? கிரேக்க மூலங்களுள் பெரும்பாலானவை படியெடுப்பாரின்றி அழிந்தன. உரோமையர் அவர் உடலை வருத்தினர். அவர் நூல்களை இல்லாமற் செய்தவர்கள் அவர் சமயத்தவரே. 1941இல் கெய்ரோவுக்கு அருகிலுள்ள தூரா என்னும் இடத்தில் குகைகளைத் துப்புரவு செய்த தொழிலாளர் கையில் அவர் நூற்பகுதிகள் சில கிடைத்தன. 2012இல் மியூனிக் நகர நூலகத்துச் சுவடி ஒன்றில் அவருடைய சொற்பொழிவுகள் 29 இருப்பது கண்டறியப்பட்டது.

இனித் தரங்கம்பாடிக்கு வருவோம். செருமானியராகிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க்கு மன்னன் நான்காம் பிரெடெரிக்கின் ஆணை பெற்று, 1706 ஜூலை மாதம் தோழர் புளுட்சோவுடன் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. மன்னன் அனுப்பினானேயன்றி, தரங்கம்பாடியை ஆண்ட வணிகக் கழகத்தாருக்கு இவர் வருகை பிடிக்கவில்லை. வாணிகத்திற்கு இடையூறு நேரும் என்று அஞ்சினர். கோட்டைத் தலைவன் ஹாசியஸ் முதல் நாளிலிருந்தே முகம் கொடுக்கவில்லை.

சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் ஆசிரியர்களாகிய நாம் அறியவேண்டியது. வயது முதிர்ந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கே பள்ளியை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டி, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். வந்த புதிதில் அவர் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஊர்ப்புறக் கோயில் ஒன்றில் இருந்த சுட்ட மண் உருவங்களுள் சிலவற்றைக் கீழே தள்ளினார். சிலவற்றின் தலைகளை உடைத்தார். மண்ணுருவங்கள் செய்து பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதனைப் படிக்கையில் எனக்குச் சினம் வந்தது உண்மை. அப்போது அங்கிருந்த தமிழ் உபாத்தியாயர் ஒருவர், "இவை கடவுளர் அல்ல, கடவுளின் காவல் வீரர்களே" என்ற கருத்துப்பட விளக்கினார். தாம் உடைத்தது இன்னதென்றே தமக்குத் தெரியவில்லை என்பதைச் சீகன்பால்கு தம் கடிதத்தில் தாமே எழுதி வைத்தார். ஏனையோராயின் அதை மறைத்திருப்பர். அறியாததை அறியவேண்டும் என்ற வேட்கை அவருக்கு நாளும் பெருகியது. இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் திரட்டி, அவற்றிற்கு விளக்கப் பட்டியலும் வகுத்தார். 1708இல் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானிய மொழியில் பெயர்த்தார்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். தொடங்கி ஒரு மாதம் சென்றவுடன் சிறை வாய்த்தது. காரணம் மிகச் சிறியது. இறந்துபோன நாவிதர் ஒருவரின் மனைவிக்கும், கழகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் கடன் வழக்கு ஒன்று நடந்தது. அக்கைம்பெண்ணுக்கு நீதி கிடைக்கவில்லை என்று சீகன்பால்கு பரிந்து பேசினார். கோட்டைத் தலைவனிடம் முழந்தாளிட்டு முறையிடுமாறு அவளுக்கு அறிவுரையும் கூறினார். ஹாசியஸ் இதனைத் தன் அதிகாரத்திற்கு விடுத்த அறைகூவலாகக் கருதினான். 1708 நவம்பரில் வீரர்களை அனுப்பி அவரைப் பிடித்துவரச் செய்து கோட்டையில் அடைத்தான். 1709 மார்ச்சு வரை நான்கு மாதம் அவர் உள்ளே கிடந்தார். எழுதுகோலும் மையும் தாளும் மறுக்கப்பட்டன என்பதே அத்தண்டனையின் உயிர்நிலை. பேச்சைத் தடுக்கச் சுவர் போதும். ஆனால் இவர் எழுதுகிறவர் என்பதை ஹாசியஸ் நன்கு அறிந்திருந்தான். எனினும் எப்படியோ எழுதுபொருள் கிடைக்கப்பெற்று, சிறையிலிருந்தே செருமானிய மொழியில் இரு நூல்களை எழுதினார்.

தமிழர் எவரும் இப்புதுச் சமயத்தாரைத் துன்புறுத்தவில்லை என்று கூறுதலும் நேர்மையாகாது. கணபதி வாத்தியார் என்னும் இளம் புலவர் 1709இல் ஞானஸ்நானம் பெற்றபோது, உற்றார் உறவினரின் கடும் எதிர்ப்புக்கு ஆளானார். அங்கும் துன்பம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

விடுதலைக்குப் பின் சீகன்பால்கு விட்ட இடத்தில் தொடங்கி, 1711இல் புதிய ஏற்பாட்டை முடித்தார். 1713இல் செருமனியிலிருந்து அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்துகள் பெரியனவாக இருந்து தாளை விழுங்கவே, தரங்கம்பாடியிலேயே சிறியன வார்த்தனர். 1715இல் அச்சு வேலை நிறைவுற்றது. இது எல்லோரும் அறிந்த வெற்றிக் கதை. ஆதலின் விரைந்து கடக்கிறேன்.

பலர் அறியாதது இனி வருவது. 1711இல் அவர் தென்னாட்டு மக்களின் சமயத்தைப் பற்றி விரிவான நூல் ஒன்று எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறையை விளக்கும் மற்றொரு நூலையும் எழுதி, ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழ் ஏடுகளைப் படித்தும், தமிழ் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டும் திரட்டிய செய்திகள் அவற்றில் இருந்தன. ஹாலேயில் அவருடைய ஆசானும் ஆதரவாளருமான பிராங்கே இருந்தார். அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நிறுவிய பெருந்தகை அவர், கொடியவர் அல்லர். அவர் கூறிய விடை என்ன? புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பதே. நூல் அச்சேறவில்லை, ஹாலேயிலேயே தங்கிவிட்டது.

ஹாசியஸ் அடைத்தது நான்கு மாதம். பிராங்கே அடைத்ததை எண்ணிப் பாருங்கள். தெய்வ வழிமுறை நூல் 1867இல்தான் சென்னையில் கெர்மான் என்பவரால் அச்சிடப்பட்டது. அதாவது 154 ஆண்டு. அதுவும் பதிப்பாசிரியர் கை பட்ட வடிவிலேயே வந்தது. மூலப்படியை ஒட்டிய பதிப்பைப் பேராசிரியர் டேனியல் ஜெயராஜ் 2003இல் வெளியிட்டார். 1711ஆம் ஆண்டு நூலுக்கு 1926 வரை காத்திருக்க நேர்ந்தது. பகைவன் பூட்டிய கதவைத் திறக்க மன்னனுக்கு முறையிடலாம். நண்பர் அன்போடு ஒதுக்கி வைத்த ஏட்டுக்கு யாரிடம் முறையிடுவது? சீகன்பால்கு முறையிட்டுக்கொண்டிருக்கவுமில்லை. 1719 பிப்ரவரியில், முப்பத்தாறே வயதில் இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்நூல்கள் அச்சேறும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்ததோ இல்லையோ, யார் அறிவார்!

அன்று அம்மாணவனுக்கு நான் காட்டியிருக்க வேண்டியது கோட்டையை மட்டுமன்று. நம் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் ஒப்பிக்கும் கொன்றை வேந்தனைச் சீகன்பால்கு பெயர்த்த அந்தச் சிறு ஏடு, மற்ற இரண்டோடும் சேர்ந்து, 222 ஆண்டு கழித்து 1930இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் காலந்து என்னும் வடமொழிப் பேராசிரியர் கையால் முதன்முதல் அச்சேறியது.